நீ தந்த நீல டிரம்மை நீயே எடுத்துப்போவது பற்றி

பிம்ப்ரி,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஸ்டீபனுக்கு,

மாதாவின் தயவால் நானும் உன் அத்தானும் சுகம். தளேகாவில் நீயும் ஸ்டெல்லாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. போனில் நான் ஆரம்பிக்கும்போதே "அக்கா, சூப்பர்வைசர் வாராரு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதி, உன் கம்பெனி ஜெபகுமார் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து கடைசிவரை வாசி.

அத்தான் ரிட்டையர் ஆனதற்குப் பரிசு என்று நீ ஒரு நீல டிரம்மை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாயே, ஊரில் எல்லோரும் சால்வை போடுவார்கள், கடிகாரம் கொடுப்பார்கள், டிரம் கொடுத்தவன் நீ ஒருவன்தான். "மொட்டை மாடி மழத் தண்ணி பூரா சாக்கடைக்குத்தான அத்தான் போகுது, குழாய்க்கு அடியில இத வச்சிருங்க, துணி தொவைக்க, வீடு தொடைக்க ஆகும்" என்று சொல்லி, என் கையால் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனாய். அது முன்னால் ஊறுகாய் இருந்த டிரம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? முதல் மழைத் தண்ணீரில் அத்தானின் வெள்ளைச் சட்டையை அலசிப் போட்டேன். அதை உடுத்திக்கொண்டு பூசைக்கு வந்தார். முன் பெஞ்சில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், மூன்றாம் தடவை எச்சில் விழுங்கினார்.

சரி, வாடை போகட்டும் என்று சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன், போனது. வாடை போன இடத்துக்குக் கொசு வந்தது. மாடி வீட்டு ஷீலா தாயி நம்மிடம் சொல்லாமல் கார்ப்பரேஷனுக்குப் போன் போட்டுவிட்டாள். ஓர் ஆள் டார்ச்சோடு வந்து டிரம்முக்குள் அடித்துப் பார்த்து, புழு நெளிகிறது, ஒன்று மூடி போடுங்கள், இல்லையென்றால் புழுவைத் தின்கிற கப்பி மீன் விடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். நியாயமான மனிதர். மூடி போடுவோம் என்றேன். அதற்கு உன் அத்தான், "மூடி போட்டா மழ எப்படிட்டி உள்ள வரும்?" என்றார். குழாய் போகிற அளவு மூடியில் ஓட்டை வெட்டினால் வரும் என்று சொல்ல வாய் திறப்பதற்குள், கவரில் மீனோடு வந்து நின்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கொசு ஒழிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு துடைக்க ஒரு வாளி மொள்ளப் போனால், "ஏய் ஜோசபின், கலக்காத, குட்டி கெடக்கு" என்கிறார். மொண்டால் குட்டி வாளியில் வந்துவிடுமாம். துணி துவைக்கத் தந்த டிரம்மில் துணி துவைக்கவும் கூடாது, வீடு துடைக்கவும் கூடாது, எட்டிப் பார்க்க மட்டும் செய்யலாம். சேமித்த தண்ணீரை இவ்வளவு பத்திரமாகச் சேமிக்கிற வீடு பூனாவிலேயே நம்முடையதுதான்.

இந்த மாதம் மழை நின்றது. டிரம்மில் தண்ணீர் இறங்கியது. உன் அத்தான் என்ன செய்தார் தெரியுமா? காலையில் அரைமணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து மழைத் தண்ணீர் டிரம்மில் ஊற்ற ஆரம்பித்தார். அதையும் நேரே ஊற்றக் கூடாதாம். குளோரின் மருந்து வாடை போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டுமாம். அதனால் என் சோற்றுப்பானை, இட்லிக் குத்துப்போணி, பால் சட்டி, டம்ளர் வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்துக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் நம் வீட்டில் அன்பிய ஜெபக் கூட்டம். ஜெபம் முடிந்து தாகத்தில் பிலோமினா அக்கா ஒரு டம்ளரை எடுத்து உதட்டில் வைத்தாள். உள்ளே இருந்து இவர், "ஐயோ அத வையுங்க, அது மீனுக்கு உள்ளது" என்றார். அக்கா வைத்துவிட்டாள். டீ போடச் சட்டி இல்லை. வந்தவர்களை எல்லாம் பின்னால் கூட்டிப்போய் மீன் காட்டினார். அவர்களும் "எம்புட்டு அழகு" என்று நின்றார்கள். என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஆகவே தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை டெம்போவோடு வந்து உன் டிரம்மை எடுத்துக்கொண்டு போய்விடு. மீனையும் எடுத்துக்கொள். அத்தான் பிடித்த பிடியை விடமாட்டேன் என்றால் அவரையும் சேர்த்தே ஏற்று. ஸ்டெல்லாவை அவருக்கு இரண்டு நாள் சமைத்துப் போடச் சொல். அப்போது தெரியும்.

மாதா உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் காப்பாளாக.

நியாயத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத உன் அக்கா,
ஜோசபின் அந்தோணி

பின்குறிப்பு: ஜெபகுமார் வருவதற்குள் இங்கே தெருவில் பெரிய குழாய் உடைந்து, நேற்றிலிருந்து கட்டிடம் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஷீலா தாயி வாளியோடு இறங்கி வந்தாள், பின்னாலேயே மற்றவர்களும். உன் அத்தான் இளகிப்போய், "பாவம், ஆளுக்கு ஒரு வாளி மொண்டுக்கட்டும்" என்றார். நான்தான் டிரம்முக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வால் சிவந்த பெரியவளுக்கு வயிறு சரிந்து கிடக்கிறது, இன்றோ நாளையோ குட்டி போட்டுவிடுவாள், இந்த நேரத்தில் யாராவது வாளியை விட்டுக் கலக்குவார்களா? இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டெம்போவைக் காலியாகக் கொண்டுவராதே. மனுஷர்களுக்கு என்று தனியாக இன்னொரு டிரம் ஏற்றிக்கொண்டு வா.