விமானத்தில் வந்த உள்ளூர்க்காரர்

கம்பெனியின் தலைமை அலுவலகம் கடலுக்கு அப்பால் இருந்தது. தொழிற்சாலை இங்கே இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஓர் இயக்குநர் விமானத்தில் வந்து இறங்குவார். பாய்லர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். பதினெட்டு வருஷமாக ஆலையை ஓட்டியதென்னவோ துணை மேலாளர்தான். ஆறு இயக்குநர்களுக்கும் பாய்லரைக் காட்டியவர் அவரே. அவருக்கு இருந்தது ஒரே ஆசை: இயக்குநர் அறையின் சுழல் நாற்காலி.

விண்ணப்பம் போட்டார். பதில் வந்தது.

"தங்கள் திறமை மெச்சத்தக்கது. ஆயினும் உள்ளூரிலேயே இருந்துவிட்ட குறையால் தங்களுக்கு உலகப் பார்வை போதாது. விதிப்படி இயக்குநர் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும்."

"வெளிநாட்டிலேருந்து வரணும், அவ்வளவுதானே? போயிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

அதையே அலுவலக நடையில் எழுதி அனுப்பினார். தலைமை அலுவலகம் விதியைப் புரட்டிப் பார்த்தது, மறுக்க வழியில்லை. வரவழைத்து, ஆறு மாதம் ஜன்னலோரம் உட்காரவைத்தது. வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. உலகப் பார்வை அப்படித்தான் வரும்போலிருக்கிறது.

இயக்குநராகத் திரும்பி வந்தார். விமான நிலையத்தில் பழைய டிரைவர் ஓடிவந்தார்.

"வாங்கண்ணே! என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "தாங்கள் மெலிந்திருப்பதாக ஓட்டுநர் கருதுகிறார்."

"யோவ், எனக்கும் இதே பாஷைதான்யா!"

"இருக்கலாம் சார். வெளிநாட்டு அதிகாரின்னா நான் கூடவே இருக்கணும். என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க."

சொந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவரை விருந்தினர் மாளிகையில் இறக்கினார்கள். வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மனைவி பார்க்க வந்தாள்.

"உங்களுக்கு இந்த ஊர் தண்ணி சேராதாமே?"

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாம் மாதம், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார்.

ஒருநாள் பாய்லர் நின்றுபோனது. அவரிடம் தொழில் பழகி இப்போது துணை மேலாளராக இருப்பவர், கையெல்லாம் கிரீஸோடு வந்தார்.

"சரியாயிடுச்சுண்ணே. நீங்க சொல்லிக்குடுத்தபடிதான் வால்வைத் திருகினேன்."

"நல்லது. ஆமா, பாய்லர் எந்தப் பக்கம் இருக்கு?"

துணை மேலாளர் கிரீஸ் கையை நீட்டித் திசை காட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அடுத்த தடவை இந்தப் பதவிக்கு என்னைச் சிபாரிசு பண்ணுவீங்களாண்ணே?"

இயக்குநர் நாற்காலியை அரைவட்டம் சுழற்றினார். "திறமை இருக்கு தம்பி. உலகப் பார்வைதான் போதாது."

துணை மேலாளர் கந்தல் துணியில் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டுக்கு எங்கேண்ணே எழுதிப் போடணும்?"

மொழிபெயர்ப்பாளர் இயக்குநரின் காதோரம் குனிந்தார்.

"தங்கள் நாற்காலியைக் கேட்கிறார் சார்."