சம்பந்தி வந்த வாரம் ஏரி புரண்ட வரலாறு

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு நெருப்பு என்று சொல்பவர்கள் மின்னசோட்டாவில் மீன் பிடித்ததில்லை. எங்கள் கண்டுபிடிப்பு அதைவிடப் பெரியது. அதன் திருப்பெயர் "ஏரிப் புரட்டு".

விஞ்ஞானம் எளிது. இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும். அடித்தண்ணீர் மேலே வரும். ஏரியே ஒருக்களித்துப் புரண்டு படுக்கும். தண்ணீர் கலங்கும், மீன்கள் திசைக்கொன்றாய்ச் சிதறும், தூண்டிலைச் சீந்தா. நான் பிறந்த ஊரில் புரட்டாசியில் மீன் சாப்பிட மாட்டோம். இங்கே புரட்டாசியில் மீன் கிடைக்காது. இரண்டும் புண்ணியம்தான்.

சாசர் ஏரி மீன்பிடிப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் பெருமையோடு சொல்கிறேன்: புரட்டை முறைப்படி அறிவிப்பவர்கள் நாங்களே. தலைவர் ஹார்லன் ஓஸ்ட்பியும் நானும் தூண்டில்புழு விற்கும் கடையில் காபியும் டோனட்டுமாக உட்கார்ந்து, ஆழ்ந்து ஆலோசித்து, "ஏரி புரண்டிருப்பதால் மீன் கிடைக்காததற்கு உறுப்பினர் எவரும் பொறுப்பல்ல" என்று தீர்மானம் நிறைவேற்றுவோம். சென்ற ஆண்டு ஆகஸ்டில், கோடை முடியும் முன்பே நிறைவேற்றிவிட்டோம். வளர்ச்சி என்றால் இதுதான்.

இந்த ஆண்டு ஒரு சோதனை வந்தது. ஹார்லன் மகனுக்குக் கல்யாணம். பெண் பக்கத்து மாநிலமான விஸ்கான்சின்காரி. அந்த மாநிலத்திடம் தோற்பதைவிட ஏரியில் விழுந்துவிடலாம் என்பது எங்கள் கொள்கை. கல்யாணத்துக்கு முதல்நாள் விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. சும்மா இருக்காமல் ஹார்லன், பெண்ணின் அப்பா டேலிடம் போனில் சவால் விட்டிருந்தார்:

"என் ஏரியில என் கையால பிடிச்ச வால்ஐ மீன் வறுத்துப் போடறேன் சம்பந்தி. போடலைன்னா, விஸ்கான்சின் மீனுதான் ஒசத்தின்னு எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்றேன்!"

வாரம் முழுக்கப் படகில் போனோம். எதிரொலிக் கருவியின் வண்ணத் திரையில் மீன்கள் கூட்டங் கூட்டமாக நீந்தின. அந்த அழகை ரசித்தபடியே சீட்டாடினோம். கொக்கியில் புழு மாட்ட நேரம் எங்கே? உடனே தீர்மானம் நிறைவேறியது.

விருந்தன்று காலையிலேயே டேல் வந்து இறங்கிவிட்டார்.

"மீன் எங்க சம்பந்தி?"

"என்னத்தச் சொல்ல," என்று ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "ஏரி புரண்டுடுச்சு."

"அடடா! வாங்க, அதையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்."

நட்டநடு ஏரியில் டேல் துடுப்பைச் செங்குத்தாக உள்ளே இறக்கினார். பாதி நனைவதற்குள்ளேயே அது சேற்றில் சதக்கென்று குத்திக்கொண்டு நின்றது.

"ஏன் சம்பந்தி, மேல்தண்ணி கீழ போகணும்னா, கீழன்னு ஒண்ணு இருக்கணும்ல? சாசர்ல ஊத்துன காபி எங்கேர்ந்து புரளும்?"

ஹார்லன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இது ஒரு மாதிரி மேலோட்டமான புரட்டு," என்றேன் நான், செயலாளர் என்ற முறையில்.

மாலையில் ஐம்பது பேர் முன்னால் ஹார்லனின் மனைவி லோர்னா உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ்ஷைக் கொண்டுவந்து வைத்தாள். "வால்ஐ எங்கப்பா?" என்று பெண்வீட்டார் பக்கமிருந்து ஒரு குரல். ஹார்லன் எழுந்தார். "விஸ்கான்சின் மீனுதான்…" என்று ஆரம்பித்தார். எனக்கே பாவமாக இருந்தது. அதற்குள் டேல் எழுந்துவிட்டார்.

"சம்பந்திமேல தப்பில்ல. ஏரி புரண்டுடுச்சு. நானே துடுப்புப் போட்டுப் பாத்தேன்." கொஞ்சம் கனைத்தார். "எங்க ஏரியும்தான் புரண்டுடுச்சு. ஒரு பெட்டி நிறைய மீன் கொண்டாந்து இவரை அசத்தலாம்னு நானும் ஒரு வாரமாப் போனேன்…"

ஹார்லன் போய் அவர் தோளைத் தட்டினார். எங்கள் பக்கத்தில் அது கட்டிப்பிடித்து அழுவதற்குச் சமம். அங்கேயே டேலைச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராக்கினோம். இரு மாநிலங்களின் பகை ஒழிந்தது. கல்யாணம் மறுநாள்தான், சம்பந்தம் அன்றே முடிந்துவிட்டது.

கைதட்டலுக்கு நடுவே கல்யாணப்பெண் ஹேலி லோர்னாவிடம் மெதுவாகக் கேட்டாள்:

"அத்தை, நிஜமாவே ஏரி புரண்டுச்சா?"

"துடுப்புல ஒட்டியிருந்த சேத்தைப் பாத்தேன்மா," என்று லோர்னா அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "ஏரிக்கு அடி இருக்கு. இந்த ஆம்பளைங்க புரட்டுக்குத்தான் அடியே கிடையாது."