துக்க வீட்டுக்கு மைலேஜ் பார்த்தவன்

கார் வாங்கப் போன இடத்தில் பிரேக் பற்றியோ ஏர்பேக் பற்றியோ நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று மட்டும்தான் கேட்டேன். விற்பனையாளர் ஒரு பட்டனைக் காட்டி, "ஈக்கோ மோட் ஸார். போட்டா பச்சை இலை எரியும், பெட்ரோல் மிச்சம்" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. (ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே நெஞ்சு வலிக்கிற ஜாதி நான்.)

பாங்க் வேலையில் மதுரையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி டாக்குரியாவில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் வைத்தி மாமா, மாமி. மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் புதிது, பாஷை புதிது என்று விழித்துக்கொண்டு நின்ற எங்களுக்கு கேஸ் இணைப்பிலிருந்து மீன்வாசம் வராத காய்கறிக் கடைவரை காட்டிக்கொடுத்தவர். ஒரே மகன் சேகர் ஜெர்மனியில் ஏதோ கார் கம்பெனியில் இருந்தான். ஒரு நாள் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார்.

எங்கள் தமிழ் வட்டத்தில் சாவு விழுந்தால் யாரும் சொல்லாமலே வேலைகள் பிரிந்துவிடும். ஒருவர் சடங்குக்கு வாத்தியாரை அழைப்பார், ஒருவர் ஐஸ் பெட்டிக்கு ஓடுவார், ஒரு வீட்டில் காபி. எனக்கு எப்போதும் வாழையிலை வாங்கும் வேலைதான். இப்போது கார்க்காரனாகிவிட்டேன் அல்லவா, மறுநாள் சேகரை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு வந்தது. அத்தனை துக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு பதவி உயர்வு கிடைத்த பெருமை. "வாடகைக் காரைப் பிடிங்க, உங்களுக்கு இன்னும் கை படியலை" என்றாள் மனைவி. கேட்டால்தானே!

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பக்கத்து ஏரியைச் சுற்றி மட்டுமே ஓட்டியிருந்தேன். ஏர்போர்ட் போகும்போது சிக்னலெல்லாம் பச்சையாகவே கிடைத்தது, என் போதாத காலம்.

சேகர் முன்சீட்டில் உட்கார்ந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவனுக்கு மாமியிடமிருந்து போன் வந்தது. "எங்கடா வரேள்? வாத்தியார் பறக்கறார்."

பைபாஸில் ஒரு சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்து நின்றேன். எஞ்சின் அடங்கிவிட்டது. பயத்தில் பிரேக்கை இன்னும் அழுத்தினேன். சத்தமே இல்லை. மயிலே மயிலே என்றால் இறகு போடுமா? ஸ்டார்ட் பட்டனை ஓங்கி அமுக்கினேன், எரிந்துகொண்டிருந்த விளக்குகளும் அணைந்தன. பின்னால் பஸ்கள் அலறின. சிக்னல் கம்பத்து ஒலிபெருக்கியில் (கல்கத்தாவில் அப்படி ஒரு வழக்கம்) யாரோ உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பு டிராஃபிக் சார்ஜென்ட் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி வங்காளத்தில் கத்தினார்.

"தம்பி... கொஞ்சம் தள்ளணுமே" என்றேன். அப்பாவைக் கடைசியாகப் பார்க்கக் கடல் தாண்டி வந்தவனிடம்! (இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் பேசியதில்லை.)

அவன் இறங்கித் தள்ளினான்.

ஓரத்தில் நிறுத்தி, ஏதோ தெரிந்தவன்போல் பானெட்டைத் திறந்து வெறித்தேன். சேகர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். போன் அடித்தது, எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தபின்தான் என் பக்கம் திரும்பினான்.

"தாதா, வண்டிக்கு ஒண்ணும் ஆகலை." (கல்கத்தாவில் பிறந்தவன், அண்ணா என்று வராது.) "அந்தப் பச்சை இலை எரிஞ்சா, நின்னதும் பெட்ரோல் வீணாகாம எஞ்சின் தானா ஆஃப் ஆகும். பிரேக்லேருந்து காலை எடுத்தா தானா ஸ்டார்ட் ஆகும். நீங்க பயந்துண்டு அழுத்திண்டே இருந்தேள், பட்டனை வேற அமுக்கி முழுசா அணைச்சுட்டேள்."

"உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"இதைப் பண்றதுதான் என் வேலை."

"அப்புறம் ஏன் தள்ளினே?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "ஆத்துக்குப் போனாத்தான் தாதா அப்பா இல்லேன்னு ஆகும். இங்க நிக்கற வரைக்கும்..."

நான் நடுரோட்டில் அழுதுவிட்டேன். அவன்தான் எழுந்து வந்து பானெட்டை மூடினான்.

மறுபடி கிளம்பியதும், பேசாமல் இருக்க முடியாதவன்போல் விளக்கினான். இலை எரியும்போது நாம் எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் அளந்துதான் கொடுக்குமாம். கியர் சீக்கிரமே ஏறிவிடும், எஞ்சின் நிதானமாகச் சுற்றும், ஏசியும் கொஞ்சம் அடங்கிக்கொள்ளும்.

"இலையை அணைச்சிட்டு வேகமாப் போகட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் தாதா. இப்படியே போங்கோ."

எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். மாமா ஐஸ் பெட்டியில் காத்திருந்தார். சேகர் படியேறியதும் மாமி போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்தபின் சேகரே கதையைச் சொல்லிவிட்டான். அத்தனை நாள் கழித்து மாமி முதல் தடவையாகச் சிரித்தாள். "ஏண்டா சரவணா, துக்க வீட்டுக்கு வரச்சேகூட மைலேஜ் பார்த்தியா!" பட்டம் நிலைத்துவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஸ்கூலுக்கோ பல் டாக்டருக்கோ கிளம்பாமல் இழுத்தடித்தால், "பச்சை இலை போட்டாச்சா?" என்பார்கள்.

போன வருஷம் சேகர் மாமியைத் தன்னோடு அழைத்துப் போக வந்தான். வீட்டை விற்றாயிற்று, திரும்பி வரப்போவதில்லை. நான்தான் ஏர்போர்ட்டுக்கு ஓட்டினேன். கிண்டலுக்குப் பயந்து ஈக்கோ மோடை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தேன். முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமி பூட்டிய வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரவணா, அந்தப் பச்சை இலையைப் போடேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதே பைபாஸ் சிக்னலில் எஞ்சின் அடங்கியது. விளக்கு பச்சையானது, பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.