சைக்கிள் எடுத்தவரின் முகம்

சாத்தூர்,
செவ்வாய் மாலை.

மதிப்பிற்குரிய செல்வக்குமார் சித்தப்பா அவர்களுக்கு,

யோகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், கோழிகள் ஐந்தும் நலம். சித்தியின் பல்வலி குறைந்ததா? நடந்ததை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், என் கண்ணால் பார்த்ததை மட்டும்.

நேற்று விடியற்காலை என் சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. அப்பா கம்பெனி வேனில் கிளம்பிய நேரம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வெளுத்த முகத்தோடு ஒருவர் மிதித்துக்கொண்டு போனார், நம் தெருவில் அவ்வளவு வெளுப்பு யாருக்கும் கிடையாது என்பதால் வடக்கத்திக்காரர் என்று உடனே கண்டுபிடித்தேன். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு காரியாபட்டி போய்விட்டார், போன இடத்தில் வருத்தப்படுவார் என்று அவரிடம் சொல்லாமல், அம்மா என்னைப் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். மேனேஜர் வெள்ளைத்துரை, நீங்கள் மாட்டித் தந்த, முகம் பார்த்து வருகை பதியும் மெஷினிலிருந்து வேலையாட்களின் படங்களைக் காட்டினார்.

"நல்லாப் பாரு பாப்பா, ஒரு ஆளு பொழப்பு."

நன்றாகப் பார்த்தேன். இருப்பதிலேயே வெளுப்பு பீகாரிலிருந்து வந்த லகன். அவரைக் காட்டினேன். அவரோ, "நான் எடுக்கல முருகேஸ்வரி" என்று அழுதார். முருகேஸ்வரி என் வகுப்பில் படிக்கும் குட்டைப் பெண், கம்பெனிக்குத் தன் அப்பாவைப் பார்க்க வருபவள், நான் நெட்டை! இரட்டைச் சடையும் ரிப்பனும் இருந்தால் எல்லாரும் ஒன்றா? ஆள் அடையாளம் தெரியாதவர் பேச்சை யார் நம்புவது? இன்று ராத்திரி ரயிலில் அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள்.

மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மேனேஜர் நின்றால் பச்சை எரிகிறது, அப்பாவைப் போலக் கறுப்பாக இருப்பவர்கள் நின்றால் ‘முகம் இல்லை’ என்கிறது. மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தபின் அப்பா முகம் முழுக்கப் பவுடர் அப்பிக்கொண்டு போகிறார், பச்சை எரிகிறது.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டுப் பூசல, இப்ப ஆருக்குக் காட்டப் போறீக?" என்றாள் அம்மா.

"மெஷினுக்குத்தான் புள்ள!"

அதற்கு என்னைப் போல உன்னிப்பாகப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் சித்தப்பா.

சித்திக்கு என் அன்பு. தங்கள் ஆசியை வேண்டும்,
யோகேஸ்வரி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இப்போதுதான் அப்பா என் சைக்கிளில் வந்து இறங்கினார். நேற்று வேனைத் தவறவிட்டு அதில் கம்பெனிக்குப் போய், குடோனுக்குள் நிறுத்திவிட்டு லோடோடு கிளம்பினாராம். "பவுடர் போட்டா பெத்த அப்பனையே தெரியலையா தாயி?" என்கிறார். கம்பெனி வாசலில் பையோடு உட்கார்ந்திருந்த லகனையும், மேனேஜரிடம் உண்மையைச் சொல்லி வேலையில் திரும்பச் சேர்த்துவிட்டு, கேரியரில் ஏற்றி வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல முருகேஸ்வரி" என்றார். நான் திருத்தவில்லை. என் முகம் யாருக்கும் தெரிய வேண்டாமென்று விளக்கை அணைக்கப் போகிறேன்.