நாத்தனார் கேட்ட நீலப் பூ

கிட்ட வாங்க கண்ணுகளா, காலை மடக்கி உட்காருங்க, பின்னால் நிற்பவர்களுக்கும் இடம் விடுங்க. ஒரு குட்டிப் பூ ஒருத்தியைப் படாதபாடு படுத்தின கதை சொல்கிறேன்.

"இன்னிக்கும் பூக்கலையா அண்ணி?" மாடிப்படியில் நின்று நாத்தனார் கேட்டாள். குரலில் தேன் சொட்டியது.

அண்ணியான பேக்கரிக்காரி வாசல் பாத்தியைப் பார்த்து விழித்தாள். விடியுமுன் மாவு பிசையப் போய், வெயில் சாய்ந்தபின் திரும்புகிறவள் அவள். புருஷன் லாரியோடு வெளியூரில். வாசலோரம் நல்ல வெயில் விழும் இடத்தில் குட்டை மார்னிங் குளோரி என்கிற பூச்செடி விதைத்திருந்தாள். விதை உறையில் நீல நீலமாகப் பூப்படம். இங்கேயோ, மொட்டெல்லாம் மடக்கின குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றன.

நாத்தனார் கெடு வைத்திருந்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு பூ காட்டுங்க, இடம் உங்களுக்கு. இல்லேன்னா சிமென்ட் பூசி என் காரை நிறுத்திக்குவேன்."

தண்ணீர் போதவில்லையோ என்று பேக்கரிக்காரி குடம் குடமாக ஊற்றினாள். இலை கொழுத்தது. உரம் போட்டாள். இன்னும் கொழுத்தது.

"கீரை நல்லா வந்திருக்கு அண்ணி!"

வார லீவு அன்று காலையிலேயே முக்காலி போட்டுக் காவல் இருந்தாள். அன்றைக்கென்று பார்த்து வானம் மூடிக்கொண்டது. ஒரு மொட்டுகூட அசையவில்லை. நர்சரிக்காரரிடம் ஓடினாள்.

"வெயில் படுதாம்மா?"

"நாள் முழுக்கப் படுதுங்க!"

"அப்ப பூத்திருக்கணுமே."

"பூக்கலையே!"

"அப்ப வெயில் படலை."

தலை கிறுகிறுத்தது. மறுநாள் வேலைக்குப் போகும்முன் பீரோக் கண்ணாடியைக் கழற்றி, விடிந்ததும் பாத்திக்கு இன்னொரு பங்கு வெயில் விழும்படி சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் ஓரத்துச் செடியெல்லாம் அப்பளமாகக் கருகிக் கிடந்தது.

ஞாயிறு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, நாத்தனார் கொத்தனாரோடு காத்திருந்தாள்.

"பாவம் அண்ணி, நீங்களும் என்னதான் பண்ணுவீங்க!"

பேக்கரிக்காரிக்குக் கண் நிறைந்தது. "என் கைக்கு ராசியில்லை, விடு. வெட்டிக்கோ."

மண்வெட்டியை ஓங்கிய கொத்தனார் அப்படியே நின்று, நாத்தனாரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, காலையில நான் வந்தப்ப இங்கே நீலமா அவ்வளவு பூ பூத்திருந்துச்சே... 'வெயிலடிச்சாத்தான் விரியும், மத்தியானத்துக்கு மேல எல்லாம் மூடிக்கும், அண்ணி வந்து பார்த்தப்புறம் வெட்டலாம்'னு நீங்கதானே என்னைத் திருப்பி அனுப்பினீங்க?"

உங்கள் வாசலிலும் வெயில் குறையாமல் விழட்டும் கண்ணுகளா. நீங்கள் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து எல்லாமே பூக்கட்டும்.