உள்ளூர்ப் பல்சக்கரம்

"இன்னும் ஓடுதா?"

ஃபோர்மேன் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டுவிட்டாள்.

"ஓடுது. ஒரு முனகல்கூட இல்ல."

"பாவி," என்றாள். இயந்திரத்தைத்தான்.

பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் அந்த இயந்திரம் வெளிநாட்டுச் சரக்கு. அதன் பல்சக்கரம் உடைந்தால் புதுச் சக்கரம் விமானத்தில் வரும். மாட்டிவிட, இயந்திரத்தைச் செய்த கம்பெனியின் ஆளும் கூடவே வருவான். அந்த ஆள் இவர்களுடைய ஒரே மகன். சொந்தக் காரியத்துக்கு லீவு தருகிற கம்பெனி அல்ல அது. ஆக, மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் சக்கரம் உடைய வேண்டும். போன தடவை அவன் விட்டுப்போன சோப்பு, யாரும் தொடாமல், குளியலறையில் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

இந்த நேரம் பார்த்து முதலாளிக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது.

"சக்கரத்தோட விலையைவிட வரியும் விமானக் கூலியும் ஜாஸ்தி. இனிமே நம்ம இரும்பு, நம்ம கை," என்று மேசையைத் தட்டினார். அவர் தட்டிய மேசை இறக்குமதி.

"இங்க செஞ்சா அச்சுக்கே அதைவிட ஆகுமுங்க," என்றார் ஃபோர்மேன், முதலாளியின் பணத்துக்காகவே உயிர் வாழ்பவர்போல.

"முதல் சக்கரத்துக்கு ஆகும்யா. பத்தாவது சக்கரத்துக்கு?"

உள்ளூர்ப் பட்டறையிலிருந்து சக்கரம் வந்தது. பழையதைவிட நன்றாக ஓடித் தொலைத்தது.

ஃபோர்மேன் எண்ணெய் விடுவதை நிறுத்தினார். சக்கரம் கத்தியது. "நம்ம சரக்கு, எவ்ளோ தைரியமாப் பேசுது பாருங்க," என்று முதலாளி விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார்.

ஃபோர்மேன் போல்ட்டைத் தளர்த்தினார். பாக்கெட்டுக்கு ஒரு பிஸ்கட் குறைந்தது. "இதுவும் லாபம்தான்யா," என்று முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"எண்ணெய், போல்ட்டுன்னு விளையாடிட்டு இருக்கீங்க," என்றாள் மனைவி. சுவர் பூசக் கொட்டியிருந்த மணலில் ஒரு பிடி அள்ளி, அவருடைய சாப்பாட்டு டப்பாவின் மேலடுக்கில் போட்டு மூடிக் கொடுத்தாள்.

அன்று மதியத்துக்குள் சக்கரத்தின் பற்கள் கொட்டிப்போயின. முதலாளியின் நாட்டுப்பற்றும் கூடவே போயிற்று. "அந்த வெளிநாட்டுக்காரனுக்கே போன் போடுய்யா."

மகன் வந்தான். மெலிந்திருந்தான். புதுச் சக்கரத்தை மாட்டினான். உடைந்ததைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தான். அம்மா புதுச் சோப்பு பிரித்து வைத்திருந்தாள். அவனுடைய தட்டை அவள் காலியாகவே விடவில்லை.

"ரெண்டு நாள் சேர்த்து இருந்துட்டுப் போயேன்டா," என்றார் அப்பா.

அவன் காகிதத்தைப் பிரித்தான். கொஞ்சம் மணல் மேசையில் உதிர்ந்தது. அம்மா அதை அவசரமாகத் துடைத்தாள்.

"இந்தச் சக்கரத்தை வரைஞ்சு முதலாளிக்கு அனுப்பினதே நான்தான்பா," என்றான். "கம்பெனி காதுக்குப் போயிடக் கூடாதுன்னு உங்ககிட்டகூடச் சொல்லல. வருஷக் கடைசி வரைக்கும் இது தாங்கிட்டா, இங்கேயே வேலைக்கு வந்துடுன்னு முதலாளி சொல்லியிருந்தாரு."