இரண்டாவது பொயின்ட் கார்ட்

உலகத்தில் கூடைப்பந்தை உயிராக நேசித்து, ஒரு தடவைகூட அதைக் கூடைக்குள் போட முயலாத ஒரே விளையாட்டு வீரர் எங்கள் கண்டக்டர்தான். நம்பாதவர்கள் கல்முனைக்குடிக்கு வந்து விசாரிக்கலாம். பெயரைச் சொல்லி விசாரித்தால் பலனிருக்காது. அக்கரைப்பற்று பஸ் கண்டக்டர் என்று கேளுங்கள், ஊரே கை காட்டும்.

சில வருடங்களுக்கு முன்பு நான் அங்கே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் எங்கள் கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடுவேன். திறமைக்காக அல்ல, உயரத்துக்காகச் சேர்க்கப்பட்டவன். எங்கள் பொயின்ட் கார்ட் ரிஸ்வான். பந்தைத் தட்டிக்கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை அவனுடையது. கெட்டிக்காரன், ஆனால் கணுக்கால் அடிக்கடி பிசகும். அம்பாறையில் நடக்கவிருந்த போட்டித் தொடருக்கு அவனுக்கு ஒரு பதிலாள் வேண்டும் என்று கப்டன் பளீல் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தி ஆதரவு தந்தார்கள். நேரில் வந்தவர் ஒருவர்.

அவர்தான் கண்டக்டர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டி, புத்தம் புதிய சப்பாத்து போட்டிருந்தார்.

"காக்கா, முன்னம் விளையாடி இரிக்கீங்களா?" என்று வயதுக்கு மரியாதையாகப் பளீல் கேட்டார்.

"ஓம். ஸ்கூல் டீம்ல இருந்த."

"எந்த இடத்துல?"

"வாங்குல குந்தி இருந்த."

பளீல் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். படிவத்தில் பத்துப் பெயர் இருக்க வேண்டும், எங்களிடம் ஒன்பதுதான் இருந்தது. எழுதிக்கொண்டார். எங்களைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. கண்டக்டருக்கு அன்றுதான் ஆரம்பமானது.

அந்தக் கிழமையே ஜேர்சி அச்சடிக்கக் கொடுத்தார். நாங்களெல்லாம் முதுகில் பெயரைப் போட்டிருக்க, இவர் 'இரண்டாவது பொயின்ட் கார்ட்' என்று பதவியைப் போட்டுக்கொண்டார். அதையே உடுத்திக்கொண்டு வேலைக்கும் போனார். நிந்தவூரில் ஏறிய ஒரு ஹாஜியார் அந்த முதுகை நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எந்த பேங்க்ல மனே கார்ட் வேல?"

"பேங்க் இல்ல ஹாஜியார். கூடைப்பந்து."

"அதுக்கும் இப்ப காவல் போடுறாங்களா?"

பயிற்சிக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். பந்து கைக்கு வந்தால் தொழில் வாய்க்கு வந்துவிடும். "உள்ளுக்குப் போங்க சேர், உள்ளுக்கு இடம் இரிக்கி. வாசல்ல நிக்காதீங்க." அதிசயம் என்னவென்றால், இருபது வருடம் பஸ்ஸில் அதைக் கேட்டுப் பழகிய எங்கள் கால்கள் தாமாகவே உள்ளே போயின. போய் நின்றால் பந்து கைக்கு வந்து சேரும். ஆனால் கூடை மூக்குக்கு முன்னால் இருந்தாலும் அவர் எறியமாட்டார்.

"என்னத்துக்கு எறியிறீங்க இல்ல?" என்று பளீல் ஒருநாள் பொறுமையிழந்து கேட்டார்.

"நான் ஆக்கள ஏத்தி இறக்கிற ஆள் தம்பி. நானே இறங்கிப் போனா மத்தவங்க என்ன செய்யிற?"

போட்டிகள் தொடங்கின. கண்டக்டர் வெளியே வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். ரிஸ்வான் தடுக்கி விழும்போதெல்லாம் எழுந்து மேல்சட்டையைக் கழற்றுவார். அவன் தட்டிவிட்டு எழுந்தால், "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மறுபடியும் மாட்டிக்கொள்வார். மையித்து கிடக்கும் சாவு வீட்டில்கூட அவ்வளவு சோகமான அல்ஹம்துலில்லாஹ்வை நான் கேட்டதில்லை. ஒருநாள் தொழுதுவிட்டு அவர் கையேந்தியது பக்கத்திலிருந்த என் காதில் விழுந்தது. "யா அல்லாஹ், ரிஸ்வானுக்கு நல்ல சுகத்தக் குடு. ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் கொஞ்சம் யோசி."

இறுதிப் போட்டியில் அந்த துஆ கபூலானது, கேட்டது கிடைத்தது. ரிஸ்வானின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவது தவறுக்காக நடுவர் அவனை வெளியே அனுப்பினார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம்.

கண்டக்டர் இறங்கினார். எதிரணி அம்பாறைக்காரர்கள் அவருடைய முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். சிங்களவர்களான அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, வயிற்றைப் பார்த்தே சிரித்திருக்க வேண்டும். இரண்டு தரப்பும் மாறி மாறிப் போட்டும் அந்த ஒரு புள்ளி குறையவேயில்லை. கடைசி ஒன்பது வினாடி, பந்து கண்டக்டரிடம். இந்த மனிதன் எறியமாட்டான் என்று எதிரணி அதற்குள் கண்டுபிடித்திருந்ததால் அவரைத் தடுக்க ஒருவரும் வரவில்லை. தனியாகக் கூடைக்குக் கீழே போய் நின்றார்.

"போடுங்க காக்கா, போடுங்க" என்று ரிஸ்வான் கத்தினான்.

கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். இடது பக்கம் இரண்டு எட்டுத் தூரத்தில் நான் நின்றேன். என் எறிதலையும் அதற்குள் பார்த்திருந்ததால் என்னையும் யாரும் தடுக்கவில்லை. அவர் தந்த பந்து, தட்டில் வைத்துத் தந்தது மாதிரி என் கைக்கு வந்தது. எறிந்தேன். பந்து வளையத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் வெளியே விழுந்தது. தோற்றோம்.

வேனில் ஊர் திரும்பினோம். எனக்குத் தோல்வியைவிட மறுநாள் காலைதான் பயமாக இருந்தது. ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் பொல்லாதவர்கள். கல்முனைக்குடிக்கு வந்தபோது, தேத்தண்ணிக் கடை வாசலில் அவர்களில் ஏழெட்டுப் பேர் முன்வரிசையில் நின்றார்கள்.

"என்ன நடந்த?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டக்டர் வேனிலிருந்து குதித்தார். "நான்தான் குழப்பின. கடைசிப் பந்த என்ன நம்பித் தந்தாங்க, விட்டுட்டன்."

எல்லோரும் உடனே நம்பினார்கள். நம்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது. பளீலும் ரிஸ்வானும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள். நானும்தான். ஒரு மாதம் அந்த பஸ்ஸில் ஏறியவர்களெல்லாம், "கண்டக்டர், பந்த எந்த பஸ் ஹோல்ட்ல விட்டீங்க?" என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரின் பெயரைச் சொல்லி, அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஒருநாள் பஸ்ஸில் கூட்டம் குறைந்த நேரத்தில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"நீங்க நாளைக்கும் அந்தப் புள்ளையளுக்கு முன்னால நிக்கணும் சேர். என்ன ஏசாத ஆள் இந்த ரோட்டுலயே இல்ல. இதுக்கும் ஏசட்டும்" என்றார். பிறகு, வாசலில் நிற்கக் கூடாது என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

அந்தப் பிள்ளைகளெல்லாம் இப்போது வளர்ந்துவிட்டார்கள். சிலர் இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிப்பார்கள். தம்பிமாரே, அந்தப் பந்தை விட்டவன் உங்கள் கணக்கு சேர். இதை எழுதியதற்காக கண்டக்டர் என்னோடு கோபிக்கக்கூடும். இத்தனை வருடத்தில் அந்த மனிதன் யாரோடும் கோபித்து நான் பார்த்ததில்லை. என்னோடு கோபிக்கிற அளவுக்காவது நான் அவருக்கு வேண்டியவனாக இருந்தால் போதும்.